நன்னாவின் நெட்டித் தொப்பி

தொப்பி என்றால் நம் இல்லங்களில் தொழுகைத் தொப்பிதான் நினைவுக்கு வரும். மறைமலைநகரில் என் வீட்டு மாடியறையில் இருப்பவையோ வேறு வகை. காவலரும் அணிவகுப்பில் நடந்தோரும் ஒரு காலத்தில் அணிந்த பதினொரு பழந்தொப்பிகள் அங்கே கண்ணாடி அலமாரிக்குள் அமர்ந்திருக்கின்றன. "போலீஸ்காரர் தொப்பியை வீட்டில் வைத்தால் வம்பு வராதா, தம்பி?" என்று என் அம்மா அடிக்கடி கேட்பார். ஏமாற்றும் கருத்துடன் அரசு ஊழியரின் உடுப்பை அணிவதுதான் குற்றம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தின் 205ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அம்மாவுக்கு அதில் ஆறுதல் இல்லை.

வீட்டுக்கு வருவோர் உடனே அடையாளம் காண்பது புதுச்சேரியின் சிவப்புக் கெப்பியை. 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி அங்கிருந்து விலகியது, தொப்பி விலகவில்லை. இன்றும் அவ்வூர்க் காவலர் தலையில் அதைக் காணலாம். எனக்கோ வழக்கொழிந்துபோன நெட்டித் தொப்பியின்மீதுதான் பித்து.

நெட்டி, ஏரி குளங்களில் வளரும் செடி. தஞ்சைக் கைவினைஞர் அதில் கோயில் கோபுரங்களைச் செதுக்குவதை அன்பர்கள் பார்த்திருக்கலாம். அக்கலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் வெண்ணிறத் தண்டைத் தகடுகளாகச் சீவி, அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டி, துணி போர்த்தி, வெள்ளையர் ஆட்சியில் அதிகாரிகளுக்கு வெயில் தொப்பி செய்தார்கள். வடநாட்டில் நெட்டிக்குச் சோலா என்று பெயர். ஆங்கிலேயர் அதைச் சூரியனோடு முடிச்சுப் போட்டுச் 'சோலார்' ஆக்கிவிட்டனர்! கையிலெடுத்தால் கனமே இராது. மழையில் நனைந்தால் ஊறிப்போகும். பூச்சிக்கும் நல்ல தீனி. கடற்காற்றின் ஈரம் எட்டும் நம் பகுதியில் அதைக் காப்பது கைக்குழந்தையை வளர்ப்பது போலத்தான்.

மாமல்லபுரம் செல்லும் வழியில் பழம்பொருட்கடைக்காரர் ஒருவர் ஒருமுறை அத்தகைய தொப்பியை நூறாண்டுப் பழையது என்று நீட்டினார். வெளித்துணி நன்றாகப் பழுப்பேறியிருந்தது. உள்ளே நெற்றியில் படியும் தோல்பட்டையைப் புரட்டினேன். புத்தம்புதிது, வியர்வை பட்ட சுவடே இல்லை. துணிக்குத் தேயிலைச் சாயம் ஏற்றலாம், ஒரு மனிதன் பல கோடைகளில் சிந்திய வியர்வையை எப்படி ஏற்றுவது? திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உட்பட்டையைப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்ட விதம் வெட்கத்துக்குரியது. என் முதல் தொப்பி நன்னாவுடையது. அம்மாவின் தந்தையான அவர், சுதந்திரத்துக்கு முன் தஞ்சை மாவட்டத்தில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவர் வஃபாத்தாகிப் பல்லாண்டுகள் கழிந்தபின், டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்து அம்மா என்னிடம் தந்தார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. புதிதுபோல் ஆக்கும் ஆசையில் வெள்ளைச் சாயம் பூசினேன். கறுத்து, வெடித்து, மைக்கறை படிந்திருந்த தோல்பட்டையைக் கத்தரித்தெறிந்து, வேறு பட்டை தைத்தேன். பெருமையோடு அம்மாவிடம் நீட்டினேன். அவர் தொப்பியைத் திருப்பி உள்ளே விரலை ஓட்டினார்.

"இங்கே நன்னா பேர் இருந்துச்சே, தம்பி. அரபுத்தமிழிலே அவங்களே எழுதினது."

நான் மைக்கறை என்று எண்ணியது அதுதான். அரபுத்தமிழ் வாசிக்க நான் கற்றதில்லை. குப்பை முந்தின நாளே போய்விட்டது. நன்னாவின் கையெழுத்து என்று எங்கள் குடும்பத்தில் வேறொரு துணுக்கும் இல்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, பேசியிருக்கலாம்.

எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகம் 2021 செப்டம்பரில் காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சென்ற ஆண்டு, எண்பதைக் கடந்த அம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். வாள்களையும் வாத்தியங்களையும் அவர் நின்று பார்க்கவில்லை. சீருடைகளின் பக்கம் வந்ததும் ஒரு தொப்பியின் முன் குனிந்து, கண்ணாடியில் நெற்றி படும்படி அடியிலிருந்து பார்த்தார்.

"உள்பக்கம் தெரியலையே" என்றார்.

திரும்பி வரும் மின்சார ரயிலில் என் உள்ளங்கையை இழுத்து, வலமிருந்து இடமாக விரலால் ஏதோ எழுதினார். புரியவில்லை என்றேன். தாம்பரம் வரும்வரை திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தார்.