எதற்குக் கூடுகிறீர்கள்?

2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் சில பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் நீளமான பெயரைத் தமிழில் சொன்னால் ‘அழிந்துவரும் காக்டெயில்களைப் பாதுகாக்க ஒன்றுபட்ட மகளிர்’ என்று வரும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘லூபெக்’ என்று சுருக்கிக்கொண்டார்கள். காக்டெயில் என்பது மதுவோடு பழச்சாறு, சர்க்கரை, கசப்புச் சாரம் அல்லது வேறொரு மதுவை அளவு பார்த்துக் கலப்பது. யாரும் கேட்காததால் மறைந்துபோன பழைய கலவை ஒன்றைத் தேடியெடுப்பார்கள், செய்வார்கள், தங்களுக்கு முன் வாழ்ந்த பெண்களை நினைத்துக் குவளை உயர்த்துவார்கள். 2007இல் பாஸ்டன் நகரத்திலும் ஒரு கிளை உருவானது. பெண்களுக்கான அமைப்புகளுக்கு நிதியும் திரட்டினார்கள். ஒவ்வொரு குவளையாக ஆணாதிக்கத்தைத் தகர்க்கிறோம் என்று பாதி கேலியாகவும் பாதி உண்மையாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

முதுகலை வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. “எங்கப்பா குடிச்சே செத்துட்டாரு மேடம். அம்மா முந்திரி உடைச்சுதான் என்னைப் படிக்க வெக்குது. இதுல என்ன மேடம் பெண்ணியம் இருக்கு?” என்று கேட்டாள்.

தட்டிக்கழிக்க முடியாத கேள்வி அது. நானும் காடாம்புலியூர்க்காரிதான். பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். சாலையோரம் முந்திரிக்கடைகள், அதைத் தாண்டினால் முந்திரிக்காடு. கொட்டையை உடைக்கும்போது கசியும் எண்ணெய் விரலைப் பொசுக்கிவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். எங்கள் ஊர்ப் பெண்களின் விரல் நுனியைப் பார்த்தே என்ன வேலை என்று சொல்லிவிடலாம். அந்த விரல் சம்பாதித்த கூலி சாயங்காலம் யார் சட்டைப்பையில் ஏறி எந்தக் கடைக்குப் போகிறது என்பதும் ஊருக்குத் தெரியும். 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கடை வேண்டாம் என்று சாலையில் உட்கார்ந்தவர்களில் பெண்களே அதிகம். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி மறியல் செய்த ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடே காணொளியில் பார்த்தது.

இந்த மண்ணில் நின்றுகொண்டு காக்டெயில் சங்கத்தைப் பற்றிப் பேசுவது கூச்சமான காரியம்தான். ஆனாலும் அந்த மாணவியின் கேள்விக்குப் பதில் தேடிப் போகும்போது நான் வந்து நின்ற இடம் மதுக்கடை அல்ல, ஒரு வகுப்பறை.

1990களின் தொடக்கத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்குப் போனார்கள். எழுத்துக் கூட்டக் கூடியவர்கள் தங்கள் வீட்டுக் கதையையும் பேசினார்கள். எல்லா வீட்டுக் கதையும் ஒரே கதை, சாராயம். 1992இல் அவர்கள் சாராயக் கடையை எதிர்த்து நின்றார்கள், போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது, 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது. அதுவரை ஒவ்வொருத்தியும் தன் தலைவிதி என்று நினைத்து அழுததை, அடுத்தவளும் அழுகிறாள் என்று தெரிந்துகொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தை எழுத்தறிவு வகுப்பு கொடுத்தது.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1874இல் தொடங்கிய கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் லட்சக்கணக்கான பெண்களை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தது. மேடையேறிப் பேசவும், வாக்குரிமை கேட்கவும் அங்கேதான் பலர் பழகினார்கள். 1920இல் மதுவிலக்கு வந்தது. அது கள்ளச்சாராயத்தையும் குற்றக் கும்பல்களையும் வளர்த்தபோது, அதை நீக்கச் சொல்லி 1929இல் இன்னொரு பெண்கள் அமைப்பைத் தொடங்கியவரும் பாலின் சாபின் என்ற பெண்தான். 1933இல் சட்டம் நீங்கியது. இரண்டு பக்கமும் பெண்கள் நின்றார்கள். மதுவைப் பற்றி அவர்கள் நினைத்தது வேறு வேறு. கூடி உட்கார்ந்து தாங்களே முடிவெடுத்தது மட்டும் ஒன்று.

லூபெக் பெண்கள் தேடியெடுத்த பெயர்களின் உலகத்தில் ஒன்று ஏடா கோல்மன். லண்டன் சவாய் ஹோட்டலின் அமெரிக்கன் பாரில் 1903 முதல் இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ஜின், இனிப்பு வெர்மூத், இரண்டு சொட்டு கசப்பு மூலிகை மது சேர்த்து அவர் உருவாக்கிய ‘ஹாங்கி பாங்கி’ இன்றும் உலகெங்கும் கலக்கப்படுகிறது. ஆனால் 1930இல் சவாயின் காக்டெயில் புத்தகம் வந்தபோது உலகம் தெரிந்துகொண்ட பெயர் அவருக்குப் பின் வந்த ஹாரி கிராடாக்கினுடையது. அந்த மேசைக்குப் பின்னால் அடுத்த பெண் தலைவர் வர 2021 ஆகிவிட்டது. நம் வீட்டில் பாட்டி வைத்த குழம்பு பாட்டியின் பெயரோடே போய்விடும், ஹோட்டல்காரர் வைத்தால் பலகையில் பெயர் எழுதப்படும், அது போலத்தான்.

சட்டமும் தன் பங்குக்குக் கதவைச் சாத்தியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெண் மது ஊற்றிக் கொடுக்க வேண்டுமானால் அவள் கடை முதலாளியின் மனைவியாகவோ மகளாகவோ இருக்க வேண்டும். 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இது சரி என்றது. நம் நாட்டில் 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மது அருந்தும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2007 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பு ஆகாது, அவள் வேலை செய்யும் இடத்தைப் பாதுகாப்பாக்குவதே அரசின் வேலை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதை என் மாணவிகளுக்குச் சொல்லும்போது மதுக்கடையை மறந்துவிடச் சொல்வேன். இரவுப் பேருந்து, நூலக வாசிப்பறை, டீக்கடை பெஞ்சு என்று எதை வைத்துப் பார்த்தாலும் அந்த வாதம் நிற்கும்.

தமிழ் படித்தவள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடி பெண்ணுக்கு அந்நியம், அது மேற்கிலிருந்து வந்த கெடுதல் என்று பேசுகிறவர்கள் சங்கப் பாடல்களைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் கள் காய்ச்சுகிறவர்கள் பெண்கள். அவர்கள் பாத்திரம் கழுவிய நீர் ஓடிச் சேறாகிக் கிடப்பதுகூட அங்கே வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் இரவில் பட்டைக் களைந்து மெல்லிய துகிலை உடுத்துகிறார்கள், ஒரு வகை மதுவை விட்டு இன்னொன்றைத் தேர்ந்து மகிழ்கிறார்கள். புறநானூற்று 235ஆம் பாட்டில் அதியமானை இழந்த ஔவை, அவனோடு பகிர்ந்த கள்ளைத்தான் முதலில் நினைக்கிறாள். கொஞ்சம் கிடைத்தால் அவளுக்கே கொடுத்துவிடுவானாம். நிறையக் கிடைத்தால் அவள் உண்டு பாட, மிஞ்சியதை அவன் மகிழ்ந்து உண்பான் என்று பழைய உரை பொருள் சொல்கிறது.

இதைப் பாடம் நடத்தும்போது வகுப்பில் ஒரு நெளிவு ஓடும். நமக்குப் பழகிய ஔவை விபூதி பூசி, கோலூன்றிய பாட்டி. கள்ளுண்டு பாடிய புலவரை நாம் பாட்டியாக்கி உட்கார வைத்துவிட்டோம். திருக்குறளுக்கு வந்தால் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரம் வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே குடிக்கிறவன் ஆண், வேதனையோடு பார்க்கிறவள் தாய். அந்த இடத்தில் அவளை நிறுத்திய நாம் இன்றுவரை அங்கிருந்து நகரவிடவில்லை. குடிப்பவனின் தாய், குடிப்பவனின் மனைவி, குடிப்பவனின் மகள் என்ற மூன்றில் ஒன்றாகத்தான் அவளுக்குக் குடியோடு உறவு.

ஆனால் கூலி வேலை செய்யும் பெண்களில் குடிப்பவர்கள் உண்டு. இது ஊரறிந்த ரகசியம். களைநாற்று, கல்லுடைப்பு, சாக்கடை வேலை என்று உடம்பு முறியும் வேலைக்குப் பின் வலி மறக்கக் குடிக்கிறவர்கள். யாருக்கும் தெரியாமல் யாரையாவது விட்டு வாங்கிவரச் சொல்லி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ஒரே மூச்சில் முடிப்பார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு ஆயா இருந்தார். முந்தானையில் வாயைத் துடைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். தாலியறுத்த பெண்களின் அழுகையைச் செய்திகள் திரும்பத் திரும்பக் காட்டின. குடித்துச் செத்த பெண்களைப் பற்றிப் பேசத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. அவர்களுடைய வலியையும் வேலையையும் கேட்க ஓர் இடம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பெண் குடிப்பது உடம்புக்குக் கேடு என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆணுக்கும் அதே கேடுதான். நான் குடிப்பதில்லை, யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் தடையின் கோபம் குடியின் மேல் மட்டும் இல்லை. 2009 ஜனவரி 24 அன்று மங்களூரில் ஒரு கும்பல் மதுக்கூடத்துக்குள் புகுந்து பெண்களைத் துரத்தித் துரத்தி அடித்தது. இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979இல் போட்ட தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். அந்தத் தடை இருந்த காலமெல்லாம் ஆண்கள் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெண்களை அடித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆகவே ஆத்திரம் அவள் கையிலிருந்த குவளையைப் பார்த்து மட்டும் வரவில்லை. அவள் வேலையில்லாமல், அவசரமில்லாமல், சிநேகிதிகளோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வந்தது.

நம் ஊரில் பெண்கள் கூடுவதேயில்லையா என்று கேட்கலாம். கூடுகிறோம், காரணத்தோடு. சுய உதவிக் குழுவில் கூடினால் தவணை கட்ட வேண்டும். விளக்குபூஜைக்குக் கூடினால் வீடு நன்றாக இருக்க வேண்ட வேண்டும். வளைகாப்புக்கும் துக்கத்துக்கும் கூடலாம். ஒவ்வொரு கூடலுக்கும் கணவன், பிள்ளை, கடன், கடவுள் என்று யாராவது ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்கள் டீக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் ஏழு பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடத் தொடங்கினோம். லூபெக் கதைதான் தூண்டியது. ஆனால் எங்கள் குவளையில் மது இல்லை. ஒவ்வொரு முறையும் ஒருத்தி, வீட்டில் நின்றுபோன ஒரு பானத்தைச் செய்து எடுத்து வருவாள். புளிப் பானகம், விளாம்பழப் பானகம், சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டது, மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ். ஒரு நோட்டில் செய்முறையையும், அதை யார் கை வழியாகக் கற்றோம் என்பதையும் எழுதுவோம். பெயர் தெரியாத பாட்டிகளின் பெயரைத் தேடி மூன்று குடும்பங்களில் விசாரணை நடந்திருக்கிறது. ஒரு பாட்டியின் பெயர் ரேஷன் கார்டில் தவிர வேறெங்கும் இல்லை.

சென்ற ஏப்ரலில் முந்திரிப்பழச் சாறு செய்தோம். கொட்டையைத் திருகி எடுத்த பிறகு பழம் எங்கள் காட்டில் பெரும்பாலும் மண்ணில் கிடந்து அழுகும். கோவாவில் அதே பழத்தைக் காய்ச்சி ஃபெனி ஆக்குகிறார்கள், 2009இல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். எங்களுக்கு வேண்டியது சாறு மட்டும். அப்படியே குடித்தால் தொண்டையைக் கரகரவென்று பிடிக்கும். சாற்றில் கஞ்சித்தண்ணீரை ஊற்றி வைத்தால் கசடு அடியில் தங்கிவிடும், தெளிந்ததை வடிகட்டி உப்பும் வெல்லமும் போடலாம். அன்றே குடித்துவிட வேண்டும், வைத்தால் நுரைத்துவிடும். இதைச் சொல்லித் தந்தவர் எங்களில் மூத்தவர், முப்பது வருடமாக முந்திரி உடைப்பவர். “2011 தானே புயல்ல எங்க மரமெல்லாம் சாஞ்சதுக்கப்புறம் இதைச் செய்யவே இல்ல டீச்சர்” என்றார்.

நோகாமல் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஏழு பேரில் ஒருத்தி நின்றுவிட்டாள். “பொம்பளைங்க உக்காந்து என்னத்தக் குடிக்கிறீங்க?” என்று அவள் வீட்டில் கேட்டார்களாம். பானகம் என்று சொன்ன பிறகும் சந்தேகம் தீரவில்லை. இன்னொருத்தி குழுக் கூட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் இன்றும் வருகிறாள். வாயில் பானகம், மடியில் பொய்.

முந்திரி உடைக்கும் அந்த அக்காவை மகன் போன மாதம் கேட்டிருக்கிறான். “ஞாயித்துக்கெழம ஆனா எங்கம்மா போற? எதுக்குக் கூடுறீங்க?”

“நீ என்ன சொன்னக்கா?” என்றோம்.

“சும்மான்னு சொன்னேன். ரெண்டு நாளா மூஞ்சி கொடுத்துப் பேசல. பேசாம எங்க போயிடப் போறான்?” என்று சொல்லிவிட்டு அவர் தம்ளரை நீட்டினார். இன்னும் கொஞ்சம் ஊற்றினோம்.