மூன்று மாத்திரையும் ஒரே வாயில்

எங்கள் ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து நடக்கும் நாட்களில் வீட்டில் அடுப்பு அணையாது. அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்ட நான், சில வருடங்களுக்கு முன் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போனேன். உடம்பு கனத்தது, முடி கொட்டியது, சித்திரை வெயிலிலும் குளிர் எடுத்தது. "வயசாகுதில்ல" என்றார்கள். ரத்தப் பரிசோதனையில்தான் தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தது.

தைராக்ஸின் மாத்திரை ஆரம்பித்தேன். ஆறு மாதமாகியும் டி.எஸ்.எச். அளவு இறங்கவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டியும் அசதி போகவில்லை. "கடல்பாசி மாத்திரை சாப்பிடுங்க மதினி, அயோடின் ஏறுனா எல்லாம் சரியாயிரும்" என்று தம்பி மனைவி ஒரு பாட்டிலையும் வாங்கி வந்துவிட்டாள்.

அதையும் எடுத்துக்கொண்டு தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். "காலையில என்னென்ன சாப்பிடுறீங்க? வரிசையாச் சொல்லுங்கம்மா" என்றார்.

"எந்திரிச்சதும் தைராய்டு மாத்திரை. கூடவே ரத்தக் குறைவுக்கு இரும்புச்சத்து, முழங்கால் வலிக்குக் கால்சியம். மறந்துறக் கூடாதுன்னு மூணையும் ஒரே வாயில போட்டுக்குவேன்."

அவர் சிரித்துவிட்டார். "நீங்க முழுங்குறீங்க, உடம்புல சேரலையே!"

இரும்பும் கால்சியமும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, பலகாரம். மற்ற இரண்டும் நாலு மணி நேரமாவது தள்ளி.

கடல்பாசி மாத்திரை வேண்டவே வேண்டாம் என்றார். 1956-இல் இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பால் கழுத்துக் கழலை குறையும் என்று காட்டியது. 2006 முதல் நம் நாட்டில் சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம்தான். அது சமையல் உப்பிலேயே கிடைத்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் தைராய்டு இன்னும் கெடலாம். உப்பை மட்டும் அடுப்போரம் திறந்து வைக்காமல், மூடி போட்ட ஜாடியில் வையுங்கள்.

முடிக்காகப் பயோட்டின் சாப்பிடும் சகோதரிகள், ரத்தம் கொடுக்குமுன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அது பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டும்.

நேரத்தை மாற்றிய இரண்டு மாதத்தில் என் டி.எஸ்.எச். இறங்கியது. அளவு சரியானதும் மாத்திரையின் அளவையும் டாக்டரே குறைத்தார். நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

இப்போது மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்கும் இதே குறை. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸின் அவசியம். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் அவள் ஒரே டப்பாவில் வைத்திருந்தாள். ஒன்றைச் சாமி அலமாரியிலும் மற்றதைச் சாப்பாட்டு மேசையிலும் பிரித்து வைத்தேன்.

"ஏம்மா இப்படி?" என்றாள்.

"உக்காரு, சொல்றேன்" என்றேன்.