கூடத்துக்கு 88 பூ

தரைக்குப் பூக்கல் வார்க்கும் அண்ணன் முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பழைய வேட்டித் துணியால் ஒரு தடவை, பிறகு வெறும் உள்ளங்கையால் ஒரு தடவை. சின்ன மணல் ஒட்டியிருந்தாலும் அது கல்லின் முகத்தில் குழியாக விழுந்துவிடுமாம். கண்ணாடியின் மேல் சதுர இரும்புச் சட்டத்தை வைத்தார். சட்டத்துக்குள் அச்சு இறங்கியது. மெல்லிய தகட்டைப் பூவாகவும் இலையாகவும் வளைத்துப் பற்றவைத்த அச்சு. அதன் ஒவ்வோர் அறையிலும் சிறு கரண்டியால் நிறத்தை ஊற்றினார். மூலையில் மஞ்சள், இதழ்களில் சிவப்பு, இலைகளில் பச்சை, மிச்ச இடமெல்லாம் கறுப்பு. தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்த்த பதம்.

பிறகு இரண்டு கையாலும் அச்சைப் பிடித்து நேரே மேலே தூக்கினார். தகடு நின்ற இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. நான் குனிந்து பார்ப்பதற்குள் நிறங்கள் நெருங்கி வந்து அந்தக் கோட்டை மூடிவிட்டன. சிவப்பு சிவப்பாகவே நின்றது, பச்சை பச்சையாகவே நின்றது.

“கலக்காதாண்ணே?”

“எல்லாக் கலரும் ஒரே பதத்துல இருந்தா கலக்காது தம்பி. ஒண்ணுல தண்ணி கூடிப்போச்சுன்னா அது பக்கத்து வீட்டுக்குள்ள போயிரும்.”

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கு அருகே இருக்கிற ஆத்தங்குடியில் ஒரு பூக்கல் பட்டறை அது. நீளமான ஓட்டுக் கொட்டகை. நான் போன அன்று ஐந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கல் செய்யும் இடத்தில் மோட்டார் இல்லை, சூளை இல்லை, அழுத்தும் இயந்திரம் இல்லை. மணலைச் சலிக்கிற சத்தமும், கண்ணாடியில் சட்டம் உட்காருகிற சத்தமும்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. மதுரையில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் கூடத்துக்குத் தரை வேண்டும். பத்து வருடமாக நாங்கள் குடியிருக்கும் வீட்டில் தரை தந்த நிறம், சுவர் தந்த நிறம், சோபா சந்தன நிறம். அழுக்குத் தெரியாது, கண்ணை உறுத்தாது என்று சொல்லித்தான் எல்லாம் வாங்கினோம். வாசலருகே மட்டும் ஆசைக்கு ஆத்தங்குடி டிசைன் என்று ஒரு கடையில் விற்ற டைல்ஸ் நான்கு பதித்தோம். ஒரு நாள் இரும்பு பீரோவை நகர்த்தும்போது அதில் ஒன்றின் ஓரம் உடைந்தது. உள்ளே வெறும் சாம்பல். பூ தாள் கனத்துக்குத்தான் இருந்தது. இயந்திரம் அச்சடித்த பூ. நிறம் என்று நான் நினைத்தது நிறத்தின் படம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பட்டறையில் உடைந்து கிடந்த கல் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. தலைமுறைக்கு நடந்தாலும் தேய்ந்து தீராத சிவப்பு.

நிறம் ஊற்றியதோடு வேலை முடிவதில்லை. ஈரமான நிறத்தின் மேல், சலித்த மணலும் சிமெண்டும் கலந்த உலர் பொடியைக் கைநிறைய அள்ளித் தூவுகிறார்கள். அது நிறத்தில் மிஞ்சிய தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அதன் மேல் ஈரக் கலவையை வைத்து, கரணையால் அழுத்தி, சட்டத்தின் விளிம்போடு வழித்துவிடுகிறார்கள். சட்டத்தைக் கழற்றியதும் கண்ணாடியோடு சேர்த்து நிழலில் அடுக்குகிறார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும் கல், ஏறக்குறைய ஒரு வாரம் அங்கேயே கிடக்கும். சிமெண்டுக்குச் சூட்டைவிட ஈரம்தான் பலம். தொட்டியிலிருந்து எடுத்து வெயிலில் காயவைத்தால் கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கும்.

அப்படிக் கண்ணாடி பிரிகிற ஒரு கல்லை என் கையில் கொடுத்தார்கள். ஓரத்தில் நகத்தை வைத்து லேசாக நெம்பினேன். டக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி ஒரு கையில், கல் மறு கையில். கல்லின் முகத்தில் என் முகத்தின் நிழல் விழுந்தது. மெருகு எதுவும் பூசவில்லை. எதன்மேல் இறுகியதோ அதன் வழவழப்பைச் சிமெண்ட் அப்படியே வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி அடுத்த கல்லுக்கு வைத்தார்கள்.

நிறங்கள் எத்தனை என்று எண்ணினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை, நீலம். ஒரு கல்லில் நான்குக்கு மேல் பார்க்கவில்லை. சிமெண்டில் இருக்கும் காரம் சாதாரணச் சாயத்தைத் தின்றுவிடும். அதற்கு ஈடுகொடுத்து நிற்பவை ஆக்சைடு நிறங்கள். சிவப்பும் மஞ்சளும் இரும்பிலிருந்து வருபவை. நம் தாத்தாக்கள் வீட்டில் கண்ணாடிபோல மின்னிய காவித் தரையின் சிவப்பும் அதுதான். இந்தப் பட்டறையில் நான் தெளிந்துகொண்ட விஷயம் இது: அடர்ந்த நிறம் ஒரு கூடத்தில் எடுபடவேண்டுமென்றால் நிறங்கள் குறைவாக இருக்கவேண்டும், அவை உறுதியாக இருக்கவேண்டும். கடைகளில் காட்டும் 300 நிற அட்டையிலிருந்து பத்தைப் பொறுக்கிச் சுவருக்கொன்றாக அடிப்பது வேறு. நான்கே நிறத்தைத் தரை முழுக்கத் திரும்பத் திரும்ப விரிப்பது வேறு. முன்னதில் கண் அலையும். பின்னதில் கண் உட்காரும்.

மதியம் அந்த ஊரின் பெரிய வீட்டுக்குப் போனேன். பயணிகள் அதை ஆத்தங்குடி அரண்மனை என்கிறார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்து பொருளீட்டிய நகரத்தார், பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து பளிங்கும் இறக்கிக் கட்டிய வீடுகள் செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் நிற்கின்றன. கப்பலில் வந்த ஐரோப்பிய, ஜப்பானிய ஓடுகளும் அவற்றில் உண்டு. நிற சிமெண்டை அச்சில் ஊற்றித் தரைக்கல் செய்யும் முறையே 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிறந்ததுதான். பம்பாயில் 1922இல் பாரத் டைல்ஸ் சுதேசி எண்ணத்தோடு இதே வகைக் கல்லைச் செய்யத் தொடங்கியது. அங்கெல்லாம் இயந்திரத்தால் அழுத்திச் செய்வார்கள். ஆத்தங்குடிக்காரர்கள் அழுத்தும் இயந்திரத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியையும் கையையும் வைத்துக்கொண்டார்கள். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. நகரத்தாரின் பர்மாச் சொத்து கைவிட்டுப் போனது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிறகு மொசைக் வந்தது, கிரானைட் வந்தது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் சில பழைய வீடுகள் விடுதிகளாகத் திறந்த பின்புதான் வெளியூர்க்காரர்கள் இந்தத் தரையைக் கேட்டு வரத் தொடங்கினார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன.

வரலாறு இருக்கட்டும். செட்டிநாட்டு வீடுகளில் நான் பார்த்து நின்றது நிறத்தை எங்கே வைக்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்பதை. தரையில் சிவப்பும் மஞ்சளும் கொட்டிக் கிடக்கும். மேலே மர விதானத்தில் பூவேலை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் சுவர் வெள்ளை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த, தொட்டால் குளிர்கிற வெள்ளை. வளவு என்கிற உள்கட்டின் திறந்த முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம் தரையில் பட்டு அந்தச் சுவரில் ஏறுகிறது. பிற்பகலில் சுவருக்கு லேசான செம்மை வந்துவிடுகிறது. சுவருக்கு அங்கே தனியாக வர்ணம் தேவையே இல்லை.

தரைக்கு ஒரு கரையும் இருக்கிறது. சேலைக்கு உடலும் கரையும் இருப்பதுபோல, நடுவில் ஒரு வடிவமும் சுற்றிலும் வேறொரு பட்டையும். கரை இல்லாவிட்டால் அத்தனை பூவும் சுவருக்குள் ஓடிப்போகிற மாதிரி இருக்கும். விசேஷ நாட்களில் நகரத்தார் வீட்டு ஆச்சிகள் அரிசிமாவைக் கரைத்து நடுவீட்டுக் கோலம் போடுவார்கள். அச்சில் வார்த்த பூவின் மேல் விரலால் இழைத்த வெள்ளைக் கோடு. மறுநாள் கோலம் அழியும், கல் இருக்கும்.

பட்டறைக்குத் திரும்பியபோது சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. அண்ணன் கை கழுவிவிட்டு ஒரு சின்ன புட்டியிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து விரல் இடுக்குகளில் தடவிக்கொண்டிருந்தார். விரல்நுனிகள் வெடித்திருந்தன. இரண்டு கட்டைவிரலிலும் ரேகை மழுங்கிப் போயிருந்தது. சிமெண்டின் காரம் சாயத்தைத் தின்பது போலவே தோலையும் தின்கிறது. கையுறை போட்டால் என்ன என்று கேட்டேன்.

“போட்டுப் பாத்தேன். பதம் கைக்குத் தெரிய மாட்டேங்குது. அச்சைத் தூக்குறப்ப லேசா இழுக்கும் பாருங்க, அது வெரலுக்குத் தெரியணும்.”

அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். பக்கத்தில் மணல் சலித்துக்கொண்டிருந்த அக்கா, “இந்த வேலைக்கு இப்ப யாரு வர்றா?” என்றார். அவர் வந்து 20 வருடம் ஆகிறது. சலித்த மணலை உள்ளங்கையில் வைத்து ஊதிக் காட்டினார். ஊதியதில் பறந்தது வெறும் தூசி, நின்றது மணல். “இந்த ஊரு மண்ணுலதான் இந்தக் கல்லு நிக்கும்” என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். மண் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த அக்காவின் சல்லடைக்கும் அதில் பங்கு உண்டு.

இவர்களிடம் வந்து, சதுர அடிக்கு இயந்திர டைல்ஸ் இந்த விலைதானே, நீங்கள் ஏன் கூடுதலாகக் கேட்கிறீர்கள் என்று பேரம் பேசுகிறவர்கள் நிறைய. நான் அங்கே இருந்தபோதே ஒருவர் தொலைபேசியில் பேசினார். அந்தக் கேள்வி தவறு. ஒவ்வொரு கல்லையும் ஒரு மனிதர் தனித்தனியாகத் துடைத்து, ஊற்றி, தூக்கி, வழித்து, நீரில் இறக்கி, ஏற்றி, கண்ணாடி பிரித்து எடுக்கிறார். சொல்லும் விலை அதற்குக் குறைவு என்றே எனக்குப் பட்டது.

அண்ணன் என் கூடத்தின் அளவைக் கேட்டார். 12 அடிக்கு 16 அடி. சாக்பீஸை எடுத்துத் தொட்டியின் பக்கச் சுவரில் கணக்குப் போட்டார். 8 அங்குலக் கல் என்றால் அகலத்துக்கு 18, நீளத்துக்கு 24. மொத்தம் 432. சுற்றிலும் ஒரு வரிசை கரை: 76 கல். மூலைக்கென்று தனி அச்சு: 4 கல். உள்ளே 16க்கு 22, ஆக 352.

“நாலு கல்லு சேந்தாத்தான் ஒரு பூ. 352ன்னா 88 பூ. ஒண்ணும் பாதியில நிக்காது தம்பி, ஒங்க வீடு நல்லா அமைஞ்சிருக்கு.”

அளவு ஒற்றைப்படையாக வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். பூவை வெட்டமாட்டார்களாம். ஓரத்தில் வெறும் சிவப்புக் கல் ஒரு வரிசை விட்டுக் கணக்கைச் சரி செய்வார்களாம். அறையின் அளவுக்குப் பூவை அறுக்காமல் பூவின் அளவுக்கு அறையைச் சரிசெய்யும் அந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நிறத்தை நான் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. பழைய பழக்கத்தில் கை வெளிர்மஞ்சள் பக்கமே போனது. அண்ணன் எதுவும் சொல்லாமல் ஆறு கல்லை எடுத்துவந்து வெயிலில் பரப்பி, ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றினார். ஈரம் பட்டதும் சிவப்பு எழுந்து நின்றது. எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து, நடந்து நடந்து, சில வருடத்தில் தரை எப்போதும் இந்த நிறத்துக்கு வந்துவிடும் என்றார். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று முடிவு செய்தேன். சுவர்கள் நான்கும் வெள்ளை. சந்தன நிற சோபாவை மாற்றவில்லை. இந்தத் தரையில் அதுவும் நன்றாகவே இருக்கும்.

புறப்படும்போது அவர் சொன்னவற்றை அப்படியே எழுதுகிறேன், வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். பூக்கல் பதிக்கத் தெரிந்த கொத்தனாரை வையுங்கள். இடைவெளி விடாமல் கல்லோடு கல் ஒட்டிப் பதிக்கவேண்டும். பதித்த பின் ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது, ஒரே நாளில் முகம் போய்விடும். எலுமிச்சை, புளிக்கரைசல் சிந்தினால் உடனே துடைக்கவேண்டும். தினமும் வெறும் தண்ணீர், அவ்வப்போது துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய், அவ்வளவு போதும். உடைவதற்கும் பின்னால் மாற்றுவதற்கும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள். அடுத்த வருடம் அதே சிவப்பு வேண்டுமென்றால் கலவை கொஞ்சம் முன்னே பின்னே வரும். நான் 450 கல்லுக்கு முன்பணம் கொடுத்தேன்.

இன்னொன்று. வீடு புகுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது போய் நின்று அவசரப்படுத்தாதீர்கள். தளம் போடும்போதே சொல்லிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். மழையில் கல் காயாது.