வந்த வழியைப் படம் பிடித்தல்

இலங்கைக்கு வந்து திரும்பும் கமராக்களில் தேயிலை மலையைப் பாராத கமரா ஒன்று இருக்குமாயின், அது பழுதுபட்ட கமராவாகத்தான் இருக்கவேண்டும். பச்சைச் சரிவு, அதன்மேல் படரும் பனிமூட்டம், முதுகில் கூடை சுமந்த ஒரு பெண், அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. இவை சேர்ந்துவிட்டால் படம் முடிந்தது. தேயிலைப் பெட்டியின் மீதும், விடுதிச் சுவர்களிலும், வாழ்த்து அட்டைகளிலும் நூறாண்டுக்கு மேலாக அவள் சிரித்துக்கொண்டேயிருக்கிறாள். தலவாக்கலையிலிருந்து நுவரெலியா ஏறும் பாதையோரத்தில் வாகனங்களை நிறுத்திப் படமெடுப்போரைக் காணாத நாள் அரிது. கொழுந்து கிள்ளுகிறவள் நிமிர்கிறாள், சிரிக்கிறாள், கையில் ஒரு நோட்டு விழுகிறது. அந்தச் சிரிப்பை நான் குறைசொல்ல மாட்டேன். நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட 2021 வரையிலும், 1,350 ரூபாவைத் தொட 2024 வரையிலும் காத்திருந்தவள் அவள். மலையில் அவள் செய்யும் வேலைகளில் மிக நல்ல கூலி கிடைக்கும் வேலை அந்தச் சிரிப்பே என்றாலும் வியப்பில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. தோட்டம் தனியார் சொத்து. துரையின் அனுமதியின்றி வெளியார் லயத்துக்குள் கால் வைக்க முடியாது என்பது நெடுங்காலம் இங்கே எழுதப்பட்ட சட்டமாகவும் எழுதப்படாத சட்டமாகவும் இருந்தது. கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிய, துணி வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைய வேண்டியிருந்தது. ஆனால் கமராவுக்கு வேடம் தேவைப்படவில்லை. தொழிற்சங்கம் உள்ளே வருவதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்னதாகவே கமரா வந்துவிட்டது. துரை பங்களாவில் தேநீர் அருந்தி, துரையின் குதிரையில் ஏறி வந்தது. அப்படி வந்தது எதைப் பார்த்திருக்கும், எதைப் பாராமல் விட்டிருக்கும் என்பதை ஊகிக்க நமக்குப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை.

பொகவந்தலாவையில் தூய மரியாள் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி உறங்குகிறார். பெயருக்கும் தொழிலுக்கும் இருக்கும் ஒலிப் பொருத்தம் தற்செயலானதே. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் அவர். டெனிசன், டார்வின், வானியல் அறிஞர் ஹெர்ஷல் முதலானோரைக் கண்ணாடித் தகடுகளில் அவர் பிடித்த முகப்படங்கள் இன்றும் உலகக் காட்சிசாலைகளில் தொங்குகின்றன. கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார்; 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயர்ன் தோட்டத்தில் காலமானார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் உட்பட்டவையே. அவற்றில் தமிழ்த் தொழிலாளரும் நிற்கிறார்கள். டெனிசனின் படத்தின் கீழே டெனிசன் என்று இருக்கிறது. இவர்களுடைய படங்களின் கீழே பெரும்பாலும் தொழிலாளர், விவசாயி என்ற பொதுப்பெயரே இருக்கிறது. அந்தப் பெண்மணியின் கண் கூர்மையானது. முகத்தை முகமாகவே பார்க்கத் தெரிந்த கண். அத்தகைய கண்ணுக்கும்கூடக் கேட்டு எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை என்பதுதான் வர்க்கம் என்ற சொல்லின் பொருள்.

இதையெல்லாம் வகுப்பில் ஒருமுறை சொல்லியிருந்தேன். பல ஆண்டுகளுக்குப் பின், ஹற்றனில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துப் பிழைக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வந்து நின்றான்.

“சேர், நம்ம இருக்கிற எடத்தத்தான் எல்லாரும் படம் எடுக்கிறாங்க. நம்ம ஆளுங்க வந்த வழிய யாரும் எடுக்கலியே. தலைமன்னார் வரைக்கும் போவமா?”

அவனுடைய மாமா ஒருவரிடம் வான் இருந்தது. எண்ணெய்ச் செலவைப் பங்கிட்டுக்கொள்வதென்று பேசி, ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் மூவரும் புறப்பட்டோம்.

நம் முன்னோர் கடலிலிருந்து மலைக்கு ஏறினார்கள். நாங்கள் மலையிலிருந்து கடலுக்கு இறங்கினோம். ஆகவே அவர்களுடைய கதை எங்களுக்குத் தலைகீழாகவே விரிந்தது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி தாண்டிக் கம்பளை. அதன் அருகே சின்னப்பிட்டியில்தான் 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். கண்டியைக் கடந்து மாத்தளை. முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்தின் நிழலில் வானை நிறுத்தியபோது, மாமா இறங்கிக் கும்பிட்டார். மாணவன் கோபுரத்தைப் படம் எடுத்தான். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். வைசூரிக்கும் கொள்ளைநோய்க்கும் அஞ்சிய ஒரு கூட்டம், காட்டைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்த இடத்தில் மாரியைத் தவிர வேறு எந்தத் தெய்வத்தைத் தேடியிருக்கும்?

நாவுலை, தம்புள்ளை, திறப்பனை, மிகிந்தலை, மதவாச்சி. பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனோம். தம்புள்ளைக்கு அப்பால் மலையின் குளிர் எங்கள் உடலைவிட்டுக் கழன்றது. மதவாச்சியில் மேற்கே திரும்பியதும் காற்று வேறு, மண் வேறு, மரம் வேறு. முள்பற்றைகள், வற்றிய குளங்கள், வெயிலில் வெளிறிய பாதை. மலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மூச்சு முட்டியது. வானுக்குள் தண்ணீர்ப் போத்தல்கள் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பாதையில்தான் இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த விவசாயக் கூலிகள் நடந்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை ஏறத்தாழ நூற்றைம்பது மைல். கோப்பிக் காலத்தில் ஒருமுறை நடந்தால் போதாது என்பது இன்று பலருக்கு நினைவில்லை. கோப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை; பருவம் முடிந்ததும் ஊரில் வயல் வேலைக்குத் திரும்ப வேண்டும்; அடுத்த பருவத்துக்கு மறுபடி நடக்க வேண்டும். ஆதலால் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டு, அதன் இடத்தைத் தேயிலை பிடித்த பின்னரே நிலைமை மாறிற்று. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்க்கும் செடி. ஆண்டு முழுவதும் கை வேண்டும். அதுவும் கொழுந்து கிள்ளப் பெண்களின் கை வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். திரும்பிப் போவது நின்றது. லயம் என்ற பத்தடி, பன்னிரண்டடி அறை ஒரு சமூகத்தின் நிரந்தர முகவரியானது இப்படித்தான். ஒரு செடியின் இயல்பும் ஒரு முதலாளித்துவத்தின் கணக்கும் சேர்ந்து ஒரு மக்கட் கூட்டத்தின் விதியை எழுதின.

வழியில் வாந்திபேதி, வைசூரி, வன்னிக் காய்ச்சல், பசி. முன்பணம் கொடுத்த கங்காணிக்குக் கூட்டம் நாள் தவறாமல் தோட்டம் போய்ச் சேர வேண்டும். விழுந்தவனுக்காக நிற்க முடியாது. 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் மாண்டிருக்கலாமென்று 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. எண்ணிக்கையைப் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் வாதிடட்டும். அதில் பாதி என்றாலும், இந்தத் தெருவின் ஒவ்வொரு மைலுக்கும் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாணவன் அடிக்கடி வானை நிறுத்தச் சொன்னான். இறங்கி அங்குமிங்கும் நடப்பான், கமராவை உயர்த்துவான், தாழ்த்துவான், ஏறிக்கொள்வான்.

“என்னத்த எடுக்கிறது சேர்? ஒண்ணுமே இல்லியே.”

உண்மைதான். அங்கே கல்லில்லை, சிலுவையில்லை, நடுகல் இல்லை. பாதையோரப் புளியமரம் ஒன்று. பாழடைந்த கிணறு ஒன்று. அவற்றை எடுத்தான். பார்ப்பவனுக்கு அவை வெறும் மரமும் கிணறுந்தான். சுரண்டலைப் படம் பிடிக்கலாம், சுரண்டப்பட்டவன் நிற்பானாகில். அவன் எலும்பையும் கரையான் தின்றுவிட்டால் கமராவால் ஆவதென்ன? 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை இதே வழியில் நூற்றுக்கணக்கானோர் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை நடந்தார்கள். அந்த நடைதான் இவர்களுக்கு இடப்பட்ட மெய்யான நினைவுக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. நடந்தவர்களின் நினைவை நடந்துதானே எழுப்ப முடியும்!

முருங்கனில் கட்டுக்கரைக் குளத்தைப் பார்த்துவிட்டு, பாலத்தைத் தாண்டி மன்னார்த் தீவுக்குள் நுழைந்தோம். இலங்கையின் மிக வறண்ட மூலைகளுள் ஒன்று அது. மணல், பனை, உடைமரம். தெருவில் உரிமையோடு நடக்கும் கழுதைகள். அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும், யானைக் கால்போன்ற பெருக்கமரம். வானத்தைக் கிழித்துச் சுழலும் காற்றாலைகள். இவற்றையும் இப்போது படமெடுக்க வருகிறார்கள். ஆளில்லாத மணல், ஆளில்லாத கடல், ஆளில்லாத வானம் என்று அழகழகாக எடுத்துச் செல்கிறார்கள். மலையில் சிரிக்கும் ஆள் வேண்டும். பாலையில் ஆளே கூடாது! பேசாலையில் வலையிழுத்துக்கொண்டிருந்த ஒருவர், இந்த மணலுக்குள் இருக்கும் இல்மனைற்றைத் தோண்ட வந்தவர்களைப் பற்றியும், அதை எதிர்த்து ஊரவர் திரண்டதைப் பற்றியும் அரைமணி நேரம் சொன்னார். அவர் சொன்னதை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

தலைமன்னார் இறங்குதுறை கடலுக்குள் நீண்டு, துருப்பிடித்து, பாதியில் கைவிட்ட வாக்கியம்போல் நிற்கிறது. 1914இல் தனுஷ்கோடிக்கும் இதற்கும் இடையே கப்பலும், இருபுறமும் ரயிலும் இணைந்தன. காட்டுவழி நடை ஏற்கெனவே கைவிடப்பட்டிருந்தது. இனி மண்டபம் முகாமில் மருந்து தெளித்து, தகரத் துண்டில் இலக்கம் கட்டி, கோச்சியில் ஏற்றி நேரே மலைக்கு அனுப்பலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்னர், ஒக்டோபர் 30ஆம் திகதி, வேறொரு புயல் புதுடில்லியில் கையெழுத்தாகியிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கிய 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் பங்கிட்டார்கள். அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அரிசி மூட்டையை இவ்வளவு கூச்சமின்றிப் பங்கிடுவார்களா என்பது சந்தேகம். இந்தத் துறையிலிருந்துதான், 1984இல் போக்குவரத்து நிற்கும்வரை, மலையில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் இராமேசுவரத்துக்குக் கப்பலேறினார்கள். ரயில் பாதை 1990இல் யுத்தத்தில் அழிந்து, 2015இல் மீண்டும் வந்தது. கப்பல் வரவில்லை.

மாணவன் மாலைவரை அங்கே நின்று படங்கள் எடுத்தான். நன்றாகவே இருந்தன. ஆனால் அவன் முகத்தில் நிறைவில்லை.

திரும்பும் வழியில் செட்டிகுளத்துக்கு அருகே தேநீருக்காக ஒரு குடியிருப்பில் நிறுத்தினோம். கடைக்காரரின் பேச்சைக் கேட்டதும் மாமா, “நீங்க எந்தத் தோட்டம்?” என்றார். வவுனியா, மன்னார்ப் பகுதிகளில் இப்படிக் கேட்க வேண்டிய ஊர்கள் பல உண்டு. 1977இலும் 1983இலும் மலையில் அடிபட்டு ஓடிவந்தவர்கள் வெட்டிய காடுகள் அவை. முன்னோர் இறந்துவிழுந்த அதே வழியில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கிணறு தோண்டிக் குடியிருக்கிறார்கள்.

கடைக்காரரின் தாயாருக்கு எண்பதை நெருங்கும் வயது. மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்தவர். லயத்துக்கு நெருப்பு வைத்த இரவையும், அதன் பின் யுத்தம் இரண்டு தடவை இங்கிருந்து கிளப்பியதையும் மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொன்னார். அவருடைய தங்கை 1974இல் குடும்பத்தோடு கப்பலேறிக் கூடலூருக்குப் போய்விட்டாராம். கடவுச்சீட்டுக்காக எடுத்த படத்தின் ஒரு பிரதி அம்மையாரிடம் இருந்தது. நான்கு பேர், நான்கு திடுக்கிட்ட முகங்கள். எல்லாப் பெட்டிகளும் எரிந்தும் தொலைந்தும் போன பிறகும் அதை எப்படிக் காப்பாற்றினார் என்று கேட்டேன். “மடியில வச்சிருந்தேன் மாஸ்டர்” என்றார்.

மாணவன் கமராவை எடுத்தான். அடுப்படிப் புகைக்கிடையே, கதவில் சாய்ந்து, சுருங்கிய கைகளோடு அவர் நிற்பதை எடுக்க நினைத்தான். எந்தப் பத்திரிகையும் விரும்பி ஏற்கும் படம். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“வேல செய்யிற மாதிரி எடுக்காதீங்க தம்பி. உக்காந்திருக்கிற மாதிரி எடுங்க.”

உள்ளே போனார். கால்மணி நேரம் கழித்து, தலை வாரி, நல்ல சேலையோடு வந்தார். கடையிலிருந்த ஒரே நாற்காலி முற்றத்துக்கு வந்தது. அதில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகன் வலப்பக்கம், மருமகள் இடப்பக்கம், பேத்தி முன்னால். யாரும் சிரிக்கவில்லை. விறைப்பாக நிற்கும் ஸ்டூடியோப் படங்களை வெறுக்கும் என் மாணவன் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்தான். ஐந்து தடவை எடுத்தான்.

அதை அச்சிட்டுத் தங்கைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். கண்டிப்பாக அனுப்புகிறோம் என்றோம். பின்பக்கத்தில் எழுத வேண்டிய பெயர்களை இடமிருந்து வலமாக அவரே சொன்னார். மாணவன் குறிப்பேட்டில் எழுதி, ஒருமுறை வாசித்துக் காட்டினான். பேத்தியின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினார். முகவரி ஒரு பழைய கடித உறையில் இருந்தது. ஊரும் மாவட்டமும் தெளிவாகத் தெரிந்தன, இலக்கம் அழிந்திருந்தது. ஹற்றன் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் சேர்த்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.