பிள்ளைகளுக்குத் துணையிருப்பவர் யார்?

தோட்டத்து லாரி ஓட்டுநரைச் சிறுநீர்ச் சோதனைக்கு அனுப்புதலும், அதன் முடிவைக் கோப்பிலிடுதலும் கிராணியாகிய என் அலுவல்களுள் அடங்கும். செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்பவருக்கு அவசியமெனக் கருதப்படும் போதைமருந்துச் சோதனை, ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணும் இல்லத்து ஊழியருக்கு வேண்டாமென்பது என்ன நியாயம்?

மலேசியாவில் இத்தகைய இல்லங்கள் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி பதிவு பெறுதல் வேண்டும். கட்டடத்தை ஆராய்கிறோம்; இரவில் துணையிருப்பவரின் நிதானத்தை ஆராய வேண்டாமா? பெற்றோருள்ள பிள்ளை தாயிடம் ஓடி முறையிடும். இல்லத்துப் பிள்ளை எங்கே ஓடும்?

“ஏழை ஊழியரைக் குற்றவாளியாக்குவதா?” என்பர் சிலர். அக்கேள்வியிலும் பொருளுண்டு. குருமாவில் அரைத்துவிடும் கசகசாவும், கோடீன் கலந்த இருமல் மருந்தும் சோதனையில் அபினைப் போலவே தோன்றக்கூடும். கசகசா உண்டவர் வீணே அகப்படுதல் கண்டே, அமெரிக்க அரசாங்கம் தன் ஊழியர் சோதனையில் அபின் வகைக்குரிய வரம்பை 1998-இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-ஆக உயர்த்திற்று. ஆகவே, இரண்டாவது நுண்சோதனையும், உண்டதையும் மருந்தையும் விசாரித்த மருத்துவரின் முடிவும் வருமுன் ஒருவர் பிழைப்பைப் பறித்தல் அநீதி. நிர்வாகி முதல் சமையற்காரர் வரை யாவருக்கும் சோதனை ஒன்றாயிருத்தலும் வேண்டும்.

மற்றொன்று: போதைமருந்தைத் தேடும் சோதனையில் முந்திய இரவு குடித்த கள் அகப்படாது, பிள்ளையை அடிக்கும் கையும் அகப்படாது. சோதனைத்தாளைப் பெட்டியில் பூட்டிவிட்டு உறங்கும் நிர்வாகம் பிள்ளைகளைக் காத்ததாகாது.

இல்லங்களுக்கு அரிசியும் துணியும் வழங்கும் அன்பர்காள்! அடுத்த முறை செல்லுங்கால், “இரவில் இங்கே துணையிருப்பவர் யார்? அவரை மேற்பார்ப்பவர் யார்?” என்றும் கேளுங்கள்.