புத்தூரிலே கமராவுடன் சில நாட்கள்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே பஸ் வண்டியிற் புறப்பட்டால் கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்து அழியாப் புகழ் கொண்ட சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) பிறந்த சிறுப்பிட்டியைக் கடந்ததும் புத்தூர்ச் சந்தி. வெளியூரிலிருந்து வந்து இங்கே இறங்குபவர்களிற் பலர் நிலாவரைக் கிணற்றைப் பார்க்க வருபவர்கள். நாமோ ஒரு கமராவையும், ஒரு முக்காலியையும், ஒரு பழைய சாக்கையும் சுமந்துகொண்டு இறங்கினோம். சாக்கு எதற்கு என்று சந்தியிலே நின்ற கடைக்காரர் கேட்டார். “நிலத்திலே படுப்பதற்கு” என்றோம். அவர் எம்மை மேலுங் கீழும் பார்த்துவிட்டு வேறொன்றுங் கேட்கவில்லை.

விலங்குகளையும் பறவைகளையும் படம்பிடிப்பதென்றால் வில்பத்துவுக்கும் யாலவுக்கும் போகவேண்டும். பீரங்கிக் குழாய் போன்ற வில்லை வேண்டும். கையிலே பெரும் பணம் வேண்டும் என்பது பலருடைய எண்ணம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். புத்தூரிலே எம் பெரியம்மாவின் வளவில் விடுமுறை நாட்களைக் கழிக்கத் தொடங்கிய பின்னரே அவ்வெண்ணம் மாறியது. கிடுகு வேலி, கிளுவைக் கதியால், கிணற்றடிக் கமுகு, முற்றத்துச் செவ்வரத்தை, பின்வளவிலே பத்துப் பன்னிரண்டு பனைகள்: இவ்வளவுதான் அந்த வளவு. ஆயினும் ஒரு காலைப்பொழுதில் அங்கு வந்துபோகும் உயிர்களைக் கணக்கெடுத்தால், காட்டுக்குப் போகாமலே காட்டைக் கண்டவர் ஆவோம்.

விடியுமுன் முதலிற் குரல் கொடுப்பது செண்பகம். அதன் பின்னர் புலுனிக் கூட்டம் வேலியோரத்துச் சருகுகளைக் கிளறிக்கொண்டு வரும். அவை தனித்து வருவதில்லை; ஏழெட்டாகச் சேர்ந்து, ஓயாது சண்டையிட்டு, ஓயாது உறவாடித் திரியும். அந்நேரத்திலே பனைகளின் உச்சியைச் சுற்றிப் பனை உழவாரன்கள் பறக்கத் தொடங்கிவிடும். காய்ந்து தொங்கும் ஓலையின் அடிப்புறத்திலே இறகுகளைத் தம் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் சிறு பறவைகள் இவை. இவற்றைப் படம்பிடிக்க நாம் மூன்று காலைப்பொழுதுகளைச் செலவிட்டோம். கிடைத்தவை யாவும் வெறும் வானத்தின் படங்களே.

பறப்பன கைக்கு எட்டாவிடில் ஊர்வனவற்றை நாடலாம். கிணற்றடித் தேசி மரத்தின் இலையிலே காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தபோது அது அசைந்தது. எலுமிச்சை வண்ணத்துப் பூச்சியின் இளம் புழு அது. எச்சம் போலத் தோன்றி எதிரிகளை ஏமாற்றுவதே அதன் தந்திரம். வளர்ந்தபின் அதே புழு பச்சை நிறம் பூண்டு இலையோடு இலையாகி விடுகின்றது. ஒழுங்கையோரத்து எருக்கலையிலே செம்மஞ்சட் சிறகும் கரிய ஓரமும் கொண்ட வேறொரு வண்ணத்துப் பூச்சியின் குடும்பம். எருக்கலைப் பாலின் நஞ்சை உண்டே வளர்வதால் அதனைப் பறவைகள் தீண்டுவது குறைவு. ஆகவே அது அவசரமின்றி மெல்லப் பறக்கும். புதிதாகக் கமரா பிடிப்பவர்களுக்கு இதனினும் பொறுமையுள்ள ஆசான் கிடைப்பது அரிது.

குடாநாட்டுக்கே உரிய ஒரு பேற்றினையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் வாழ்வோர் தம் ஊரிற் காணமுடியாத சில பறவைகள் நமக்கு நாளாந்த விருந்தினர். மாட்டின் முதுகிலே அமர்ந்து சவாரி செய்யும் இரட்டைவாற் கரிக்குருவியும், முட்கிளையில் இருந்து இரை தேடும் செம்முதுகுக் கீச்சானும், கழுத்தின் பின்னே கருவளையம் அணிந்த வெளிர்நிறப் புறாவும், புதருக்குட் கூவும் கவுதாரியும் இலங்கையின் வடக்கு, வடமேற்கு வரண்ட கரையோரங்களிலேயே பெரும்பாலும் வாழ்பவை. இவற்றைக் காணத் தென்னிலங்கையிலிருந்து பறவை ஆர்வலர்கள் நெடுந்தூரம் பயணஞ் செய்கின்றனர். நாமோ அவற்றை வேலிக்கு மேலாக நிமிர்ந்தும் பாராது தெருவாற் போகின்றோம்.

வளவை விட்டு வெளியே வந்தால் செம்மண் தோட்டங்கள். துலாவும் பட்டையும் மறைந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் வாய்க்காலில் நீர் ஓடும்போது பறவைகள் குளிக்க வரும் வழக்கம் மாறவில்லை. லான்ட்மாஸ்டர் மண்ணைப் புரட்டிச் செல்லும்போது அதன் பின்னே உண்ணிக்கொக்குகள் வரிசையாக நடக்கும். கமராவுடன் நாம் வரம்பிலே நின்றபோது அவை எழுந்து பறந்தன. வெண்காயத் தறையிலே தண்ணீர் மாறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சிரித்தார்.

“தம்பி, நிண்டு பாத்தால் அதுகள் பறக்கும். நானும் நாள் முழுக்க இதிலைதானே நிக்கிறன், எனக்குப் பறக்குதே? உந்தச் சாமானை வைச்சிட்டு வந்து என்னோடை கொஞ்சம் வேலை செய்யுங்கோ.”

அவர் சொன்னவாறே மண்வெட்டியை வாங்கி அரைமணி நேரம் தண்ணீர் மாறினோம். முதுகு வலித்தது, கொக்குகள் எம்மை மறந்தன. அதன் பின்னர் சாக்கை விரித்து வரம்பிலே படுத்து எடுத்த படங்களே அப்பயணத்தில் எமக்கு வாய்த்த நல்ல படங்கள். பறவையின் கண்மட்டத்துக்கு நம் கண்ணைத் தாழ்த்தினாலன்றி அதன் முகத்தை நாம் காண்பதில்லை. நின்றபடி எடுத்த படத்திலே முதுகு தெரியும். படுத்து எடுத்த படத்திலே உயிர் தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் குடாநாட்டிலே நண்பகற் சூரியன் தலைக்கு மேலே நிற்பது. சித்திரை தொடக்கத்திலும் ஆவணி நடுப்பகுதியிலும் சில நாட்கள் நிழலே காலடிக்குள் ஒடுங்கிவிடும். அவ்வெயிலில் எடுத்தால் வெண்கொக்கு வெறும் சுண்ணாம்புக் கறையாகவும் கரிக்குருவி வெறும் கரித்துண்டாகவும் படத்தில் விழும். காலை ஆறரை முதல் எட்டரை வரையும், மாலை நான்கரைக்குப் பின்னரும் வெளிச்சம் சாய்ந்து வருகின்றது. அப்பொழுது செம்மண்ணே ஒரு விளக்குப் போலக் கீழிருந்து மென்னிற ஒளியைத் திருப்பித் தரும்.

நண்பகலிற் படமெடுக்க வழியில்லாமையால் ஒருநாள் நவக்கிரியிலுள்ள நிலாவரைக்குச் சென்றோம். சுண்ணாம்புக் கற்பாறையை நீர் உள்ளிருந்தே அரித்தமையால் மேற்கூரை இடிந்து உண்டான இயற்கைப் பள்ளம் அது. மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். நன்னீர் எடை குறைந்ததாதலின் உவர்நீரின் மேலே மிதக்கின்றது. குடாநாட்டுக் கிணறுகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர் மேலே ஏறும். இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய ஊற்று என்பது ஊர் வழக்கு. பயணிகள் கைத்தொலைபேசியை நீட்டி நீரைப் படமெடுத்துக் கொண்டிருந்தனர். நாம் அங்கே கண்டது வேறொன்று. பாறை விளிம்பிலே ஒரு மீன்கொத்தி அசையாது இருந்தது. அதன் நீல நிறம் கீழேயுள்ள நீரின் நீலத்தோடு சேர்ந்து நின்ற அழகிலே மூன்று மணிநேரம் போனதே தெரியவில்லை. அந்த மூன்று மணிநேரத்தைப் பற்றிப் பின்னர் சொல்லவேண்டியுள்ளது.

மாரி காலத்தில் வருபவர்கள் புத்தூரின் கிழக்கே வாதரவத்தைப் பக்கம் போதல் நன்று. தோட்டமும் வயலும் முடிந்து உவர்த்தரையும் நீரேரியும் தொடங்கும் இடம் அது. வடக்கே ஆவரங்காலைக் கடந்து சென்றால் வல்லை வெளி, காற்றுக்குப் பேர்போனது. புரட்டாதி, ஐப்பசி தொடக்கம் வடபுல நாடுகளின் குளிருக்கு அஞ்சி வரும் உள்ளான்களும் ஆலாக்களும் பங்குனி, சித்திரை வரை குடாநாட்டு நீரேரிகளில் தங்குகின்றன. சில ஆண்டுகளிற் பூநாரைகளும் கூட்டமாக வந்து இறங்கும். சுண்டிக்குளம் 1938 இற் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டமை இவ்விருந்தாளிகளின் பொருட்டே. வல்லையிலே முக்காலியைக் காற்று தள்ளாதிருக்க அதன் நடுவே ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுதல் வேண்டும்.

இக்கலையின் வரலாறு பொறுமையின் வரலாறாகும். இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892 இல் முட்டைகளோடு கூடிய பறவைக்கூடு ஒன்றை அது இருந்த இடத்திலேயே படம்பிடித்தனர். பறவைகள் அஞ்சாதிருக்க எருதின் தோலைச் சட்டத்தின் மேற் போர்த்து, அப்பொய் மாட்டின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்தும் அவர்கள் படமெடுத்தனர். தமிழுலகிலே நாம் பெருமையோடு சொல்லக்கூடிய பெயர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வர். 1950 முதல் மறையும் வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழிலே இயற்கையைப் பற்றி இடையறாது எழுதினார், தமிழிலும் எழுதினார். அவருடைய படங்கள் கறுப்பு வெள்ளை. யானையைப் பற்றி எழுதிய அதே கையால் அணிலையும் காகத்தையும் பற்றி எழுதியமையே அவரிடம் எம்மைக் கவர்ந்தது.

இப்போது எம்முடைய குற்றத்தைச் சொல்லும் இடம் வந்துவிட்டது.

பெரியம்மாவின் முற்றத்துச் செவ்வரத்தையிலே கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டி மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தது. இலைகள் மறைத்தமையாற் படம் தெளிவாக விழவில்லை. ஆகவே இரண்டு கிளைகளைச் சணற்கயிற்றினால் வளைத்துக் கட்டினோம். கூட்டுக்குள் வெளிச்சம் விழுந்தது. தாய்ப்பறவை தயங்கித் தயங்கி வந்து இரை ஊட்டியது. முப்பது படங்களுக்கு மேல் எடுத்தோம். மகிழ்ச்சியிலே கயிற்றை அவிழ்க்க மறந்தோம். மறந்தபடியே நிலாவரைக்குப் போய் மீன்கொத்தியின் அழகிலே மூன்று மணிநேரம் நின்றோம். திரும்பி வந்தபோது கூடு வெறுமையாக இருந்தது. இலை மறைவு நீங்கிய கூட்டைக் காகம் கண்டுவிட்டது. தாய் வேலியிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.

கமராவிலுள்ள படங்களைப் பெரியம்மாவுக்குக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“படம் நல்லாத்தான் இருக்கு. குஞ்சு எங்கை, தம்பி?”

எம்மிடம் மறுமொழி இல்லை. கூடுகளுக்குத் தீங்கு செய்வதைத் தடுக்கும் சட்டம் 1937 தொடக்கம் இந்நாட்டில் உண்டு. ஆனால் பெரியம்மாவின் கேள்விக்கு அஞ்சியதுபோல் நாம் எந்தச் சட்டத்துக்கும் அஞ்சியதில்லை.

அன்றிரவு அவர் வேறொன்றுஞ் சொன்னார். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவில் ஊரைவிட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அவரும் நடந்தார். இரண்டு பைகளைத் தவிர எதையும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது சுவர்கள் நின்றன. பெட்டகத்திலிருந்த படங்கள் இல்லை. கலியாணப் படம் இல்லை; இறந்துபோன பெரியப்பாவின் முகம் காட்ட ஒரு படமும் இல்லை. “படலையைத் திறக்கேக்கை செண்பகம் கூவினது. அப்பதான் வீட்டுக்கு வந்திட்டம் எண்டு நினைச்சன்” என்றார். படம் அழிந்தபோதும் அவருடைய வளவு அவருக்காகக் காத்திருந்தது. நாமோ ஒரு படத்துக்காக அவ்வளவின் உயிர்கள் மூன்றை இழக்கச் செய்தோம்.

மறுவருடம் அதே செவ்வரத்தையில் மீண்டும் ஒரு கூடு. இம்முறை நாம் கிளையைத் தொடவில்லை; முற்றத்தில் இறங்கவுமில்லை. அறை யன்னலின் திரைச்சீலைக்குப் பின்னால், தூரத்தை அண்மையாக்கும் வில்லையோடு பதினொரு நாட்கள் காலைதோறும் அமர்ந்திருந்தோம். இலைகளினூடே தாயின் கொண்டையும் ஒரு கண்ணும் மட்டுமே தெரிந்தன. குஞ்சுகள் தெரியவேயில்லை. பன்னிரண்டாம் நாள் கூடு வெறுமையாயிற்று. ஆனால் அன்று வேலியிலிருந்து மூன்று குறுவாற் குஞ்சுகள் இரைகேட்டுக் கத்தின.

இன்று பலருடைய சட்டைப்பையிலும் கமரா பொருந்திய கைத்தொலைபேசி இருக்கின்றது. பிலிம் சுருளிலே முப்பத்தாறு படங்களே எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு போய்விட்டது. மின்கலமும் கிடையாது தவித்த யுத்த காலமும் போய்விட்டது. ஆகவே வாசகர்களும் தத்தம் வளவிலிருந்தே தொடங்கலாம். ஒரே மரத்தை ஓராண்டு பாருங்கள். வந்த நாள், போன நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கூடு கண்டால் ஒதுங்கி நில்லுங்கள். பறவை உங்களைப் பார்த்துக் கத்தினால், அது உங்களைப் போகச் சொல்கின்றது என்றே கொள்ளுங்கள்.

தெளிவான அந்த முப்பது படங்களையும் நாம் எவருக்குங் காட்டுவதில்லை. இலைகளுக்குள் ஒரு கண் மட்டுமே தெரியும் மற்றப் படத்தைப் பெரியம்மா சட்டமிட்டு முன் விறாந்தையில் மாட்டியிருக்கின்றார். வருபவர்கள் “இதிலே என்ன இருக்கிறது?” என்று கேட்பர். “கிட்ட வந்து பாருங்கோ, தெரியும்” என்பார் அவர்.