152 சென்டிமீட்டருக்கு ஒரு பிரேம்

எங்கள் வம்சத்தில் ஐந்தரை அடியைத் தாண்டியவர் கிடையாது. மகளும் 152 செ.மீ.யில் நின்றுவிட்டாள், எடை 46 கிலோ. புனேயில் வேதாள் டேக்டி பக்கம் மூன்று வருடமாக மவுண்டன் பைக் ஓட்டுகிறாள். ஏற்றத்தில் பையன்களை விட்டுவிட்டுப் போவாள். இறக்கத்தில்தான் பின்தங்கல். "அப்பா, இறங்கும்போது நான் அதை ஓட்டல, அதுதான் என்னை ஓட்டுது. போதும்ப்பா, விட்டுடறேன்" என்றாள் ஒருநாள். படிப்பைத் தவிர அவளாகப் பிடித்துக்கொண்டது இது ஒன்றுதான். அதனால் ஃபுல் சஸ்பென்ஷன் பிரேம் தேட இறங்கினேன்.

கடையில், "ஸ்மால் இருக்கு சார், கார்பன், ரொம்ப லைட்" என்றார்கள். விலையைக் கேட்டதும் எனக்கே ஒரு கிலோ குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் லைட் என்பதை ஒதுக்கவும் முடியாது. 14 கிலோ சைக்கிள் 75 கிலோ ஆளுக்கு உடல் எடையில் 19 சதவீதம். இவளுக்கு 30 சதவீதம். ஆனாலும் எடையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கடன் மனுவில் முதல் பக்கத்தை மட்டும் படித்துக் கையெழுத்துப் போட முடியுமா? பின்னால் உள்ள அட்டவணை முக்கியம். ஒரு கம்பெனியின் ஸ்மால் இன்னொருவரின் மீடியம் அளவுக்கு இருக்கிறது!

நம்மில் பலர் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்தவர்கள். பெரிய சைக்கிளைச் சின்ன உடம்பு எப்படியும் சமாளிக்கும் என்று ஒரு நம்பிக்கை நமக்கு. ஊர் ரோட்டில் சரி. சரளைக்கல் இறக்கத்தில் சீட்டை நன்றாகத் தாழ்த்தி, உடம்பைப் பின்னால் தள்ள இடம் வேண்டும். அதற்கு சீட் குழாய் குட்டையாகவும், டிராப்பர் போஸ்ட் முழுதாக உள்ளே இறங்கும்படி நேராகவும் இருக்க வேண்டும். கால் ஊன்றி நின்றால் மேல் குழாய் இடிக்கவே கூடாது. நான் பார்த்த ஸ்மால்களில் பாதி இங்கேயே அடிபட்டன.

அடுத்தது சக்கரம். 29 இஞ்ச் என்றால் ரிம் விட்டம் 622 மி.மீ., 27.5 என்றால் 584. நினோ ஷுர்ட்டர் 2012-ல் 27.5-ல் உலகக் கோப்பைப் பந்தயம் ஜெயித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது 29-ல். ஆகவே உயரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் இவள் பின்னால் சாயும்போது 29 இஞ்ச் டயர் உட்காரும் இடத்தில் உரசுகிறது, அந்த பயம் போகாமல் இறக்கம் வராது. எனவே 27.5. (டயர் வகைகள் குறைந்து வருகின்றன. இருக்கட்டும்.)

ஷாக் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. உட்கார்ந்ததும் ஷாக் அதன் ஸ்ட்ரோக்கில் கால்வாசியிலிருந்து 30 சதவீதம் வரை அமுங்க வேண்டும். 45 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 11 முதல் 13 மி.மீ.; ரப்பர் வளையம் காட்டிக்கொடுக்கும். 46 கிலோவுக்குக் காற்றழுத்தம் குறைவு, அதனால் திரும்பி எழும் வேகமும் குறைவு. ரீபவுண்ட் திருகை முழுக்கத் திறந்தும் மந்தமாகவே எழுந்தால், அந்த ஷாக் இவளுக்கு இல்லை. ஒரு கார்பன் பிரேம் இதில்தான் தோற்றது. அலுமினியம் ஒன்றை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். இரண்டு முறை நிற்காமல் இறங்கினாள், மூன்றாவது முறை என்னைக் கேட்கவே இல்லை.

அதையே வாங்கினோம். 120 மி.மீ. சஸ்பென்ஷன், மிகச் சின்ன சைஸ். கார்பனுக்குப் போகாமல் மிஞ்சிய பணத்தில் 165 மி.மீ. கிராங்கும், எடை குறைந்த சக்கரமும். சக்கரம் எப்படியும் வாங்கியே தீர வேண்டும்; பழைய சைக்கிளின் பின் ஹப் 135 மி.மீ., புது பிரேம் கேட்பது 148. பிரேம் மட்டும் வாங்கி மற்றதைப் பழசிலிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதை முதலில் அளந்துவிடுங்கள். இன்னொன்று, இவ்வளவு சின்ன பிரேமில் ஷாக் உட்கார்ந்தபின் தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லை. முதுகுப்பைதான்.